இளைக்கட்டும், வருகிறோம்

ஆனப்பாறை, பாலா, கேரளா
20 ஜூன் 1993

பிரியமுள்ள ரோஸம்மா சேச்சிக்குத் தங்கை ஷைனி எழுதுவது. ஈசோவுக்குத் துதி. இங்கே நானும் அம்மச்சியும் குரியாச்சனும் சுகம். மழை தொடங்கியதிலிருந்து அம்மச்சிக்கு முழங்கால் வலி. மஸ்கட்டில் வெயில் கொல்கிறதா? உன் ஆஸ்பத்திரியில் ராத்திரி டியூட்டி முடிந்ததா?

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். தரகர் ஔசேப்பு கூட்டிவந்த இடம். பையன் பெயர் சாபு. பம்பாயில் ஏதோ கம்பெனியில் வேலை. கூட அவனுடைய அம்மா ஏலியாம்மா. பெரிய ரப்பர் தோட்டக்காரர்கள்.

ஏலியாம்மா என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தேன். சட்டென்று என் மேல்கையை இரண்டு விரலால் பிடித்து அமுக்கினாள். பலாப்பழம் பழுத்திருக்கிறதா என்று பார்ப்பார்களே, அப்படி. பிடித்த கையை விடாமலே அம்மச்சியைப் பார்த்துச் சொன்னாள்: "பொண்ணு நல்ல பொண்ணுதான். முகம் மாதா மாதிரி இருக்கு. உடம்புதான் கொஞ்சம் ஜாஸ்தி. ஒரு பத்துக் கிலோ இளைக்கட்டும், வருகிறோம். கிறிஸ்துமஸுக்கு சாபு லீவுல வருவான், அப்போ மறுபடி பார்க்கலாம்."

இதைச் சொல்லும்போது அவள் வாயில் நான் செய்த கட்லெட் இருந்தது. நாலாவது. துணுக்கு ஒன்று தெறித்து என் முந்தானையில் விழுந்தது. சாபு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் தொந்தி சட்டைப் பொத்தானை நெம்பிக்கொண்டு நின்றது. அவனை யாரும் அமுக்கிப் பார்க்கவில்லை.

அதெல்லாம் போகட்டும். நம்மைப் பெற்ற அம்மச்சி என்ன சொன்னாள் தெரியுமா? "ஆகட்டும், இளைச்சிடுவா." அவ்வளவுதான். எனக்குப் பொறுக்காதது அந்த ஒரு சொல்தான்.

அண்ணன் குரியாச்சனுக்கு ஒரே உற்சாகம். "பத்துக் கிலோன்னா என்னடி, ரெண்டு மாச வேலை. உன் காரியம் முடிஞ்சாத்தானே என் காரியம்? நீ ஒருத்திதானே பாக்கி!" என்கிறான்.

நீ நர்ஸ். ஒரு வழி சொல்லு. இல்லை, அவர்களைத் திட்டி நாலு வரியாவது எழுது. எனக்கு அது போதும்.

உன் சுகத்துக்காக வேண்டிக்கொள்ளும்
ஷைனி


மஸ்கட்
7 ஜூலை 1993

பிரியமுள்ள ஷைனிக்கு சேச்சி எழுதுவது. உன் கடிதம் கிடைத்தது. நான் சுகம். அம்மச்சியின் முழங்காலுக்குச் சூடான உப்பு ஒத்தடம் கொடு. ஈர விறகுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார வேண்டாம் என்று சொல்.

நானும் தினமும் எத்தனையோ பேர் கையைப் பிடிக்கிறேன். ஊசி போடச் சதை தேடுகிறேன். ஆனால் "தொடட்டுமா?" என்று கேட்காமல் இதுவரை ஒரு கையைத் தொட்டதில்லை. உயிர் போகும் நிலையில் இருப்பவர்களிடம் கூடக் கேட்பேன். அந்தப் பொம்பளைக்கு என்ன திமிர்! நீ கேட்ட நாலு வரி இதுதான்.

இப்போது நர்ஸாகச் சொல்கிறேன். அவளுக்காக இளைக்க வேண்டாம். ஆனால் நட. அப்பச்சன் நெஞ்சடைத்துப் போனது உனக்கு நினைவிருக்கும். பெற்ற தகப்பனின் இரத்தம்தான் நமக்கும். நடப்பதற்கு மருந்து வேண்டாம், கருவி வேண்டாம், யாருடைய தயவும் வேண்டாம். செருப்பை மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டினால் போதும். பேச வரவேண்டும், பாட வரக்கூடாது, அந்த வேகத்தில் நட. முதல் வாரம் கெண்டைக்கால் வலிக்கும், அதற்குப் பயந்து நிறுத்தாதே. பட்டினி கிடக்கவே கிடக்காதே. சோற்றை ஒரு கரண்டி குறை, மீனையும் பயறையும் குறைக்காதே. எடை மெதுவாகத்தான் இறங்கும். மெதுவாக இறங்கியதுதான் திரும்ப ஏறாது.

எனக்கு இங்கே எப்போதும் போல்தான். வார்டில் நின்று நின்று கால் வீங்குகிறது. அமெரிக்காவுக்கான நர்ஸ் பரீட்சை எழுதியிருக்கிறேன். வீட்டில் சொல்லாதே, தேறினால் சொல்லலாம்.

ஈசோ உங்கள் எல்லோரையும் காக்கட்டும்.
சேச்சி


ஆனப்பாறை
30 ஜூலை 1993

பிரியமுள்ள சேச்சிக்கு. ஈசோவுக்குத் துதி. எல்லோரும் சுகம், என் கெண்டைக்காலைத் தவிர.

நடக்கிறேன். காலையில் மேட்டின் மேல் சிலுவை நிற்கும் குரிசுபள்ளி வளைவு வரை போய்த் திரும்புகிறேன். ஆனால் சேச்சி, இந்த ஊரில் ஒரு பெண் சும்மா நடக்க முடியாது என்பதை நீ மறந்துவிட்டாய். பால்காரி கேட்கிறாள்: "எங்க மோளே?" "சும்மா." "சும்மாவா? யாருக்காவது முடியலையா?" ஜீப்காரன் நிறுத்துகிறான்: "ஏறு, நனையாதே." "இல்ல சேட்டா, நடக்கிறேன்." "வீட்டுல சண்டையா?" கோயில் மணியடிக்கும் கப்யாருடைய மனைவி பள்ளியில் பூசைக்கு வந்த எல்லோரிடமும் சொல்லிவிட்டாள், நான் பைத்தியம் தெளிய நேர்ச்சை நடை நடக்கிறேனாம்.

ரப்பர் வெட்டுகிறவர்கள் இன்னும் மோசம். நேற்று ஒருத்தன் மரத்துக்குப் பின்னாலிருந்து கத்தினான்: "பூமி குலுங்குதுடா, சிரட்டையைப் பிடிச்சுக்கோ, ரப்பர் பால் சிந்திடும்!" தோட்டம் முழுக்கச் சிரிப்பு. நான் திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து பாவாடையைத் தூக்கினால் தொடைவரை அட்டை. குடித்துக் குடித்துத் திராட்சை மாதிரி உப்பித் தொங்குகிறது. உப்பை வைத்தேன். சுருண்டு விழுந்து என் இரத்தத்தையே தரையில் கக்கியது. குரியாச்சன் எட்டிப் பார்த்துச் சொல்கிறான்: "விடுடி, அதுவும் கொஞ்சம் எடை குறைக்கட்டும்."

இதற்கு மேலும் ஒன்று நடந்தது. எழுதவே கூசுகிறது. சனிக்கிழமை ரப்பர் ஷீட்டு விற்கப் போன குரியாச்சன் என்னையும் கூட்டிப்போனான். பேபிச்சனின் ரப்பர் கடை. ஈர ஷீட்டின் புளித்த நாற்றம் உனக்குத் தெரியும்தானே? அந்த நாற்றத்துக்கு நடுவில், ஷீட்டு அடுக்கி நிறுக்கும் பெரிய தராசில் ஏறி நிற்கச் சொன்னான். "ஏறுடி, வீட்டுல எடை மிஷின் எங்க இருக்கு?" கடையில் ஆறேழு ஆண்கள். பேபிச்சன் எடைக்கல்லை வைத்துப் பார்த்துவிட்டுச் சத்தமாகச் சொல்கிறான்: "நல்ல கனமான ஷீட்டு குரியாச்சா! இன்னும் ஈரம் காயணும்!" குரியாச்சனும் சிரித்தான், சேச்சி. அண்ணன்தான், கூடச் சிரித்தான்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் போக வேண்டுமாம். ஏலியாம்மாவுக்குத் தகவல் அனுப்ப வேண்டுமாம். அம்மச்சி மீன் சட்டியை அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்கிறாள். எனக்குக் கஞ்சித் தண்ணீர்.

நடந்து திரும்பும்போது பசியில் காது அடைக்கிறது. என்ன செய்ய?

அன்புடன்
ஷைனி


மஸ்கட்
16 ஆகஸ்ட் 1993

பிரியமுள்ள ஷைனிக்கு. நான் சுகம். உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். இரண்டாவது தடவை படித்தபோது மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். தட்டைத் தள்ளிவிட்டேன்.

இனி அந்தக் கடைக்குப் போகாதே. குரியாச்சனுக்கும் அம்மச்சிக்கும் தனியாக எழுதியிருக்கிறேன். அலமாரி பூட்டை உடைத்தாவது சாப்பிடு. நடக்கிற உடம்புக்குத் தீனி வேண்டும். இல்லாவிட்டால் சதை போகாது, உயிர்தான் போகும். மயக்கம் வந்தால் உட்கார்ந்து தலையை முழங்காலுக்கு நடுவில் வை. அட்டைக்குப் புகையிலையை ஊறவைத்துக் காலில் தடவிக்கொண்டு போ. அப்பச்சன் அப்படித்தான் செய்வார்.

சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும் என்று நான் சொல்லமாட்டேன். எனக்கும் இங்கிருந்தே அவர்கள் வாயில் உப்பை வைக்க வேண்டும்போல் இருக்கிறது. ஆனால் நடையை விடாதே. அது உன்னுடையது.

ஒரு சின்னச் சந்தோஷம். பரீட்சையில் தேறிவிட்டேன். இனிக் காகிதங்கள் எல்லாம் சரியானால் அமெரிக்கா. அம்மச்சியிடம் நீயே சொல்லிவிடு.

ஈசோ துணை.
சேச்சி


ஆனப்பாறை
14 செப்டம்பர் 1993

என் கெட்டிக்காரச் சேச்சிக்கு! ஈசோவுக்குத் துதி. எல்லோரும் சுகம். நீ தேறியதைச் சொன்னதும் அம்மச்சி அழுதாள். ஞாயிற்றுக்கிழமை பள்ளி முற்றத்தில் நின்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள். பாதிரியார் கூட விசாரித்தார்.

உன் கடிதம் வந்த பிறகு தராசு நின்றது. பூட்டு நிற்கவில்லை.

போன வாரம் ஏலியாம்மா சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினாள். ஒரு பெரிய பாட்டில் நிறையப் பச்சைப் பூசணிச்சாறு. வெறும் வயிற்றில் குடிக்க வேண்டுமாம். வரும் வழியிலேயே புளித்து நுரைத்துவிட்டிருந்தது. "என் முன்னாடியே குடி மோளே, பார்க்கிறேன்" என்றாள். குடித்தேன். பின்கட்டுக்கு ஓடிப்போய்க் கக்கினேன். திரும்பி வந்தால் கையை நீட்டிக்கொண்டு காத்திருக்கிறாள், என் மேல்கைக்கு. நான் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். "கூச்சமா? நாளைக்கு மாமியார் குளிப்பாட்டினாலும் கூச்சப்படுவியா?" என்று சிரித்தாள். அவளுடைய கையிடுக்கில் பவுடர் வியர்வையில் கட்டிக்கட்டியாக நின்றது.

உன்னைப் பற்றித்தான் நிறையக் கேட்டாள். அமெரிக்கா எப்போது, எந்த ஊர், கட்டிக்கிறவனையும் கூட்டிப் போகலாமா என்றெல்லாம். உன் போட்டோவை அம்மச்சி காட்டினாள், அந்த நர்ஸ் தொப்பி வைத்தது. "எவ்வளவு ஒல்லி! அக்கா தங்கச்சின்னு யாரு சொல்வா?" என்று என்னையும் போட்டோவையும் மாறிமாறிப் பார்த்தாள். போகும்போது போட்டோவைப் பையில் போட்டுக்கொண்டாள். எனக்குப் புத்தி வர அடுத்த தடவையும் கொண்டுவந்து காட்டப்போகிறாளோ என்னவோ.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. நேற்று குரிசுபள்ளி மேடு முழுவதும் நிற்காமல் ஏறிவிட்டேன். மேலே போய் நின்றதும் மழை விட்டது. கீழே ஆறும் பாலா டவுன் பள்ளியின் கோபுரமும் துடைத்துவைத்த மாதிரி தெரிந்தன. மூச்சு வாங்கியது, ஆனால் வலிக்கவில்லை. அங்கே என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. உன்னை நினைத்துக்கொண்டேன்.

உன் தங்கை
ஷைனி


மஸ்கட்
31 அக்டோபர் 1993

ஷைனிக்கு. நான் சுகம். நீ சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். பதில் தாமதமாகிவிட்டது, வேலை அதிகம்.

மேடு ஏறியது சந்தோஷம். மழையில் ரொம்ப நடக்க வேண்டாம். வெயில் வரட்டும். அவசரம் எதுவும் இல்லை.

அந்தச் சாபுவுக்கு வயது என்ன என்று நீ எழுதவில்லை. பேசும்போது குரல் எப்படி? குடிக்கிறவனா? அம்மா சொல்வதற்கெல்லாம் தலையாட்டுகிறவனா, இல்லை சும்மா இருக்கிற சுபாவமா? உனக்குப் பட்டதை எழுது.

அம்மச்சியின் முழங்கால் எப்படி இருக்கிறது?

சேச்சி


ஆனப்பாறை
21 நவம்பர் 1993

பிரியமுள்ள சேச்சிக்கு. ஈசோவுக்குத் துதி. உன் கடிதம் இத்தனை சிறியதாக வந்ததே இல்லை. காய்ச்சல் ஏதாவது வந்ததா? மறைக்காதே.

நீ கேட்டதற்குப் பதில். சாபுவுக்கு முப்பத்தாறு, உன்னைவிட ஒரு வயது மூத்தவன். குரலை வைத்து என்ன சொல்வது? அன்றைக்கு மொத்தம் மூன்று வார்த்தைதான் பேசினான். அம்மச்சி "காப்பி எடுத்துக்கோங்க" என்றதற்கு "ம்". கட்லெட் காரமாக இருந்ததால் "தண்ணி". கடைசியில் அவன் அம்மாவிடம் "போலாமா". உட்கார்ந்து நன்றாக யோசித்துப் பார்த்தேன், வேறு எதுவும் இல்லை. தண்ணீர் குடிக்கும்போது மடக் மடக்கென்று கிணற்றில் வாளி விழுகிற சத்தம். குடிக்கிறானா தெரியாது. என்னைப் பார்த்தானா என்பதே தெரியாது. என்னைவிட நீ அவனைப் பற்றி அதிகம் யோசிக்கிறாய், சேச்சி! எனக்காகத்தானே, தெரிகிறது.

இங்கே ஒரு அதிசயம். அம்மச்சி பூட்டை எடுத்துவிட்டாள். மத்தி பொரித்து என் தட்டில் அவளே வைக்கிறாள். எவ்வளவு இளைத்தாய் என்று கேட்பதும் இல்லை. "நட மோளே, நட, உடம்புக்கு நல்லதுதானே" என்கிறாள், என் முகத்தைப் பார்க்காமல். உன் கடிதம்தான் அவள் மனதை மாற்றியிருக்கிறது. சட்டையெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது, பிடித்துத் தைக்கிறேன். வெட்டுகாரர்களும் இப்போது சிரிப்பதில்லை. பழகிவிட்டார்கள்.

உடனே பதில் எழுது.
ஷைனி


ஆனப்பாறை
18 டிசம்பர் 1993

பிரியமுள்ள சேச்சிக்கு. ஈசோவுக்குத் துதி. உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. மஸ்கட்டிலிருந்து வந்த குஞ்ஞூஞ்ஞம்மாவின் மகளிடம் விசாரித்தேன், நீ நன்றாக இருக்கிறாய், டியூட்டிக்குப் போகிறாய் என்றாள். அப்படியானால் எழுத என்ன?

சாபு வந்துவிட்டானாம், ஔசேப்பு சொன்னார். இங்கே இன்னும் வரவில்லை. அம்மச்சி கேக்குக்கு உலர்திராட்சையை ரம்மில் ஊறப் போட்டிருக்கிறாள். என்னைக் காணும்போதெல்லாம் ஏதாவது வேலை நினைவுக்கு வந்தவள் போல எழுந்து போகிறாள்.

கிறிஸ்துமஸ் வாழ்த்து.
ஷைனி


ஆனப்பாறை
9 ஜனவரி 1994

சேச்சிக்கு.

இதில் துதி எழுதவில்லை. சுகமும் விசாரிக்கவில்லை.

வியாழக்கிழமை காலை குரிசுபள்ளி மேட்டில் ஏறிக்கொண்டிருந்தேன். பின்னால் ஒரு கார் வந்து நின்றது. முன் சீட்டில் ஏலியாம்மா, பின்னால் ஔசேப்பு. சாபு இறங்கினான். "நானும் கூட நடக்கட்டுமா?" என்றான்.

நான் முட்டாள் சேச்சி. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆறு மாதம் நடந்திருக்கிறேன், ஒருத்தன் கூட நடக்கக் கேட்டதில்லை. பரவாயில்லை, தனியாகப் பேச நினைத்திருக்கிறான், மனுஷன்தான் போலிருக்கிறது என்று நினைத்தேன். என் வேகத்தைக் கூடக் குறைத்துக்கொண்டேன்.

கார் எங்கள் குதிகாலை ஒட்டி உறுமிக்கொண்டே ஊர்ந்து வந்தது. பெட்ரோல் புகை. ஏலியாம்மா தலையை வெளியே நீட்டிக்கொண்டு, "மெதுவா மோனே, மெதுவா! மூச்சு வாங்குது பாரு!" என்கிறாள். முதல் வளைவிலேயே அவனுக்கு நாக்குத் தள்ளிவிட்டது. சட்டை முதுகில் ஒட்டிவிட்டது. மதகுக் கட்டையில் உட்கார்ந்துவிட்டான்.

"நல்லா இளைச்சிட்டே" என்றான்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"சேச்சி ஏன் பதிலே எழுத மாட்டேங்குறா?" என்றான்.

"எந்தச் சேச்சி?"

"ரோஸம்மாதான். எங்க அம்மச்சி செப்டம்பர்லயே எழுதிட்டா, என் போட்டோவும் வச்சு. சம்மதம் உண்டு இல்லைன்னு ஒரு வரி எழுதக் கூடாதா? என் லீவு முடியப்போகுது."

எனக்குக் காது சரியாகக் கேட்கவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். அவன் கைக்குட்டையால் கழுத்து மடிப்பைத் துடைத்துக்கொண்டே சொல்கிறான்: "உனக்கு ஒண்ணும் வருத்தம் இல்லையே? உனக்கு முதல்லேர்ந்தே இதுல இஷ்டமில்லைன்னு உங்க அம்மச்சி சொன்னாங்க. அந்த அமெரிக்கா பேப்பரு எப்ப வரும்னு உனக்காவது தெரியுமா?"

நான் மேட்டில் ஏறிப் போய்விட்டேன். "மோளே, ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ!" என்று ஏலியாம்மா கத்துவது வெகுநேரம் கேட்டது. மேலே போய்க் குரிசடியில் சிலுவைக்குக் கீழே வெயில் ஏறும்வரை உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து கேட்டால் அம்மச்சி சொல்கிறாள்: "மூத்தவ கரையேறினா உனக்கும் நல்லதுதானே. இப்ப என்ன ஆச்சு, நல்லா இளைச்சிருக்கே இல்ல?"

அவளை விடு. ஏலியாம்மாவை விடு. சேச்சி, அவனுடைய குரல் எப்படி என்று நீ கேட்டாயே! நான் யோசித்து யோசித்து எழுதினேனே! மழையில் நடக்க வேண்டாம் என்றாய், அவசரம் இல்லை என்றாய். பேபிச்சனின் தராசில் நின்றபோது கூட எனக்கு இப்படி அருவருக்கவில்லை. நீ எழுதிய கடிதங்களைத் தொட எனக்குக் கை வரவில்லை.

ஷைனி


மஸ்கட்
28 ஜனவரி 1994

என் ஷைனிக்கு.

எல்லாவற்றையும் சொல்கிறேன். படித்துவிட்டுக் கிழித்துப்போட வேண்டுமானால் போடு.

ஏலியாம்மாவின் கடிதம் அக்டோபர் முதல் வாரம் வந்தது. "எங்களுக்கு ஒல்லியான பெண்தான் இஷ்டம். வயது பார்க்கவில்லை. இந்த வயதில் பிள்ளை உண்டாகுமா என்று நீயே ஆஸ்பத்திரியில் இருப்பதால் பரிசோதித்து எழுது" என்று இருந்தது. அப்படியே அந்த வார்த்தைகள்தான். அதே உறைக்குள் அம்மச்சியின் கடிதமும் இருந்தது. "இளையவளுக்கு வேறு இடம் பார்க்கலாம். அவளிடம் இப்போது சொல்ல வேண்டாம். அவள் பாட்டுக்கு நடக்கட்டும்" என்று எழுதியிருந்தாள்.

கிழித்துக் குப்பையில் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. அலமாரியில் வைத்தேன். அன்றைக்கு டியூட்டி முடிந்து அறைக்கு வந்து கண்ணாடியைப் பார்த்தேன். எலும்பு துருத்திய இந்தத் தோளைச் சின்ன வயதிலிருந்து எல்லோரும் கேலி செய்தார்கள். இப்போது இதுவும் ஒருவருக்கு வேண்டியிருக்கிறதே என்று தோன்றியது. அவர்களுக்கு வேண்டியது இந்தத் தோள் இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் தோன்றியது.

ஷைனி, அப்பச்சன் போனபோது எனக்கு இருபத்திரண்டு. அதற்குப் பிறகு என்னை யாரும் கேட்டு வந்ததில்லை. இதுதான் முதல்.

நவம்பரில் ஒரு நாள் "சம்மதம்" என்று எழுதினேன். உறையை ஒட்டினேன். தபால் பெட்டி எங்கள் குவார்ட்டர்ஸிலிருந்து தூரம். உச்சி வெயிலில் நடந்தே போனேன். பெட்டிக்கு முன்னால் கொஞ்சநேரம் நின்றேன். போடாமல் திரும்பிவிட்டேன். நல்லவள் என்பதால் திரும்பவில்லை. உன் முகம் நினைவுக்கு வந்துவிட்டது, அவ்வளவுதான். அதற்குப் பத்து நாள் கழித்து உன் கடிதம் வந்தது. "ம், தண்ணி, போலாமா" என்று படித்துவிட்டு என்னை அறியாமல் சத்தமாகச் சிரித்தேன். பக்கத்துக் கட்டிலில் தூங்கிய தமிழ் நர்ஸ் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். அந்தச் சிரிப்போடு உறையைக் கிழித்தேன்.

கிழித்த பிறகும் "வேண்டாம்" என்று எழுத மனம் வரவில்லை. யாரோ என் பதிலுக்காகக் காத்திருக்கிறார்கள் என்பது எனக்குப் புதிது. அதை விட்டுவிட மனமில்லாமல் உன்னையும் காக்கவைத்துவிட்டேன். என்னை நினைத்தாலே எனக்கு அருவருப்பாக இருக்கிறது. வார்டில் எத்தனையோ அசிங்கத்தைக் கழுவியிருக்கிறேன், இப்படி ஒருநாளும் இருந்ததில்லை.

உன் கடிதம் கிடைத்த அன்றே ஏலியாம்மாவுக்கு "இல்லை" என்று எழுதிப் போட்டுவிட்டேன்.

நீ பதில் எழுதாவிட்டாலும் நான் புரிந்துகொள்வேன். ஆனால் நடப்பதை மட்டும் நிறுத்திவிடாதே.

சேச்சி


ஆனப்பாறை
17 பிப்ரவரி 1994

பிரியமுள்ள சேச்சிக்கு. ஈசோவுக்குத் துதி. நாங்கள் சுகம். உன் உடம்பு எப்படி இருக்கிறது? நிஜமாகத்தான் கேட்கிறேன்.

உன் கடிதத்தைக் கிழிக்கவில்லை. முதலில் கோபத்தோடு படித்தேன். இரண்டாவது தடவை தபால் பெட்டிக்கு நீ நடந்துபோன இடம் வந்ததும் அதற்கு மேல் படிக்க முடியவில்லை.

நேற்று ஔசேப்பு உன் போட்டோவைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தார். பின்பக்கம் பென்சிலால் எழுதியிருந்தார்கள்: "35. ஒல்லி. அமெரிக்கா." ரப்பர் ஷீட்டுக் கட்டின் மேல் தரம் எழுதுவார்களே, அதே மாதிரி. அழித்துவிட்டேன். தடம் கொஞ்சம் தெரிகிறது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நடந்ததைச் சொல்ல வேண்டும். மறுநாள் பெரிய நோன்பு தொடக்கம் என்பதால் அம்மச்சி மாட்டிறைச்சி வறுத்து, ஆப்பம் சுட்டு, கப்பைக் கிழங்கையும் வேகவைத்திருந்தாள். என் தட்டில் அள்ளி அள்ளி வைத்தாள். "தின்னு மோளே. நாளையிலேர்ந்து ஐம்பது நாளைக்கு இறைச்சி கிடையாது. ஔசேப்பு ஈராட்டுபேட்டைப் பக்கம் ஒரு ஆளைச் சொல்லியிருக்கான். அவங்களுக்குக் கொஞ்சம் சதைப்பிடிப்பா இருக்கணுமாம். நீ இப்ப கழுத்தெலும்பு தெரிய நிக்குறே. ஈஸ்டருக்குள்ள தேறிடணும்."

குரியாச்சன் சிரித்தான். "இறக்கவும் சொல்றாங்க, ஏத்தவும் சொல்றாங்க! லாரியே தேவலை!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "அம்மச்சி, சேச்சியைப் பொண்ணு பார்க்க இந்த வீட்டுக்கு யாராவது வந்திருக்காங்களா?" என்று கேட்டேன்.

குரியாச்சன் கை வாயருகே நின்றது. பிறகு எலும்பை உறிஞ்சத் தொடங்கினான். அம்மச்சி என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை, வருத்தமும் இல்லை. இதில் என்ன இருக்கிறது என்பது போல ஒரு பார்வை.

"அவ கேட்டதே இல்லையே" என்றாள்.

இன்னும் கொஞ்சம் உப்புக் கேட்கவில்லையே என்பது மாதிரி சொன்னாள், சேச்சி. பதிமூன்று வருஷம் நீ அந்த வெயிலில் நின்றாய். இந்த வீட்டு ஓடு, இந்த மேசை, அந்த இறைச்சி வரை எல்லாம் நீதான். தட்டைப் பார்த்தேன். கறியின் கொழுப்பு ஆறி வெள்ளையாக உறைந்திருந்தது. ஒவ்வொரு துண்டாக எடுத்துச் சட்டியில் திரும்பப் போட்டேன். "என்னடி பண்றே, எச்சிலு!" என்று அம்மச்சி கத்தினாள். "இந்த வீட்டுல இதுதான் எச்சிலா தெரியுதா?" என்று கேட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டேன். குரியாச்சன் அதற்கப்புறம் என்னிடம் பேசவில்லை. நேற்று வாசலில் நின்று, "சேச்சிக்கு நானும் ஒரு கடிதம் எழுதணும், என்ன எழுதுறதுன்னு தெரியல" என்றான். தெரியாமல் கொஞ்சநாள் இருக்கட்டும்.

நடப்பதை நிறுத்தவில்லை. இன்னும் இளைத்துவிடுவேன் என்று அம்மச்சி என் செருப்பை ஒளித்துவைத்தாள். வெறுங்காலோடு போனேன். பால்காரி, "எங்க மோளே?" என்றாள். "நடக்க" என்றேன். "ஓ" என்றாள், அவ்வளவுதான். ஈராட்டுபேட்டை ஆளுக்கு வரவேண்டாம் என்று ஔசேப்பிடம் நானே சொல்லிவிட்டேன்.

உன்மேல் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு. இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்று கேட்க வேண்டும், நானும் இத்தனை நாள் கேட்கவில்லை. சேச்சி, உனக்குக் கல்யாணம் பண்ணிக்கொள்ள ஆசை இருக்கிறதா? நான் கேட்கிறேன். பதில் எழுது.

உன் தங்கை
ஷைனி


மஸ்கட்
9 மார்ச் 1994

என் கண்ணான ஷைனிக்கு சேச்சி எழுதுவது. ஈசோவுக்குத் துதி. நான் சுகம். அம்மச்சியின் முழங்காலைக் கவனித்துக்கொள். கோபத்தில் அதை விட்டுவிடாதே.

நீ கேட்டதற்குப் பதில். இருக்கிறது.

எழுதிவிட்டு வெகுநேரம் அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பத்தைந்து வயதில் இப்போதுதான் இதை எழுதுகிறேன். ஆள் எப்படி இருந்தாலும் சரி, பருமனோ ஒல்லியோ. தண்ணீர் குடிக்கும்போது வாளி விழுகிற சத்தம் மட்டும் வேண்டாம்.

ஏப்ரலில் ஒரு மாதம் லீவு கேட்டிருக்கிறேன். வந்தால் உன் கூடத்தான் படுத்துக்கொள்வேன்.

நீ சுகமாக இருக்க வேண்டிக்கொண்டு,
சேச்சி